சிங்கப்பூர் மரபுடைமை வட்டாரங்களில் கட்டட அனுமதி

சிங்கப்பூரில் பாதுகாப்பு வட்டாரம் என அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் ஒரு கட்டடத்தை இடிக்கவோ, நீட்டிக் கட்டவோ, கூரை, சன்னல், படிக்கட்டு போன்ற உறுப்புகளை மாற்றவோ விரும்புபவர் முன்கூட்டியே பெற வேண்டிய ஒப்புதல் மரபுடைமைப் பாதுகாப்பு அனுமதி எனப்படும். திட்டமிடல் சட்டத்தின்கீழ் இதை வழங்குவது நகர மறுசீரமைப்பு ஆணையம். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய பழைய வட்டாரங்களின் கடைவீடுகள் பெரும்பாலும் தனியார் சொத்துகள். ஆயினும் அவற்றின் முகப்பையும் உடலமைப்பையும் உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் 7,200க்கும் அதிகமான கட்டடங்கள் இந்த ஏற்பாட்டின்கீழ் உள்ளன.

பின்னணி

சிங்கப்பூரில் கட்டட ஒழுங்குமுறை குடியேற்றக் காலத்திலேயே தொடங்கியது. 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு விடுத்த கட்டளைகளின்படி வரையப்பட்ட ஜாக்சன் திட்டம், ஒவ்வோர் இனத்தாருக்கும் தனிப் பகுதி வகுத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்களுக்கும் அதில் இடம் இருந்தது. வீடுகளின் முகப்பு ஒரே வரிசையில் அமைய வேண்டும், தெருவோரமாகக் கூரையுள்ள நடைவழி தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்பவையும் அக்கட்டளைகளில் அடங்கும். அந்த நடைவழியே பின்னாளில் ஐந்தடி, பேச்சு வழக்கில் அஞ்சடி என்று பெயர்பெற்றது.

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் போக்கை மாற்றியது. வாடகை உயராததால் பழுதுபார்க்கச் செலவிட உரிமையாளர்களுக்கு ஆர்வமில்லை. வீடுகள் உள்தடுப்புகளால் துண்டாடப்பட்டு நெரிசலில் சிதைந்தன. விடுதலைக்குப்பின் நகர மையத்தில் பழைய தெருக்கள் பலவும் இடிக்கப்பட்டு உயர்மாடிகள் எழுந்தன. 1971இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புக் கழகம் அமைந்தபோதும் அதன் பார்வை தனித்தனிக் கட்டடங்கள்மீதே இருந்தது. தெருவை முழுதாகக் காக்கும் எண்ணம் 1986இல் வெளியான பாதுகாப்புத் திட்டத்தில்தான் உருப்பெற்றது. அடுத்த ஆண்டு தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை அரசே முன்மாதிரியாகப் புதுப்பிக்கத் தொடங்கியது. இடிப்பதற்குப் பதிலாகப் புதுப்பிப்பது தொழில்நுட்ப ரீதியிலும் வணிக ரீதியிலும் இயலும் என்று தனியாருக்குக் காட்டுவது இதன் நோக்கம். 1989இல் திட்டமிடல் சட்டம் திருத்தப்பட்டு, ஆணையம் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று முதல் பத்து வட்டாரங்கள் அரசிதழில் இடம்பெற்றன. லிட்டில் இந்தியா அவற்றில் ஒன்று.

வட்டாரங்களின் வகைகள்

எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே கண்டிப்பு இல்லை. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவை வரலாற்று வட்டாரங்கள். இவற்றில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். பின்புறம் நீட்டிக் கட்டும் பகுதி முதன்மைக் கூரைக்குக் கீழே அடங்க வேண்டும். எமரல்டு ஹில், கெய்ன்ஹில், பிளேர் பிளெயின் ஆகியவை குடியிருப்பு வரலாற்று வட்டாரங்கள். கேலாங், ஜூ சியாட், ஜாலான் புசார் போன்றவை இரண்டாம் நிலைக் குடியேற்றங்கள் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. இங்கே தெருவை நோக்கிய பகுதியைக் காத்துக்கொண்டு பின்னால் உயரமான புதிய கட்டடம் எழுப்ப இடமுண்டு. தனி மாளிகைகள் நான்காம் வகை.

காக்க வேண்டிய உறுப்புகள்

கடைவீடு என்பது கீழே கடையும் மேலே வீடுமாக, அகலம் குறைந்து ஆழம் மிகுந்து, வரிசையாக ஒட்டி நிற்கும் கட்டடம். அதன் அகலத்தைத் தீர்மானித்தது மர உத்தரத்தின் நீளம். இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே உத்தரங்கள் பாய்ந்து தளத்தைத் தாங்குகின்றன. அந்தச் சுவர்கள் அண்டை வீட்டுக்கும் பொதுவானவை. ஒரு வீட்டில் சுவரைக் குடைந்தால் பக்கத்து வீடும் தளர்ந்துவிடும். நீண்ட உட்புறத்துக்கு வெளிச்சமும் காற்றும் தருவது நடுவிலுள்ள திறந்த முற்றம். ஆகவே பொதுச்சுவர், மர உத்தரம், முற்றம், பின்கட்டு வெளி, மரப் படிக்கட்டு, மரச் சன்னல், கூரை, முகப்பு, அஞ்சடி ஆகியவை காக்க வேண்டியவை என வழிகாட்டி நெறிகள் பட்டியலிடுகின்றன. கூரையில் மெருகேற்றாத, இயற்கை நிறச் சுடுமண் ஓடுகளே வேய வேண்டும். குளிரூட்டிக் கருவிகள் முகப்பில் தெரியக்கூடாது. அஞ்சடியின் நிலம் உரிமையாளருடையது என்றாலும் பொதுமக்கள் தடையின்றி நடந்துசெல்ல வழிவிட வேண்டும்.

இயன்றவரை தக்கவைத்தல், பொருந்தும்படி மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல் என்னும் மூன்றும் அடிப்படை நெறிகள். கெட்டுப்போன ஓர் உத்தரத்துக்காகத் தளம் முழுவதையும் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதை இவை ஏற்பதில்லை. மறைந்துபோன உறுப்பை மீண்டும் அமைக்கும்போது கட்டடத்தின் பாணி வழிகாட்டுகிறது. ஆணையம் கடைவீடுகளைத் தொடக்கப் பாணி, முதல் இடைநிலைப் பாணி, பிற்காலப் பாணி, இரண்டாம் இடைநிலைப் பாணி, ஆர்ட் டெகோ பாணி முதலியனவாகப் பிரிக்கிறது. அலங்காரம் குறைந்த தொடக்கப் பாணி வீட்டுக்குப் பிற்காலப் பாணியின் பூவேலைப்பாடும் வண்ண ஓடுகளும் பொருந்தா. பழைய புகைப்படங்களும் வரைபடங்களும், அதே வரிசையில் மாறாமல் நிற்கும் அண்டை வீடுகளும் இதற்குச் சான்றாகின்றன.

விண்ணப்ப நடைமுறை

கூட்டல், மாற்றல் போன்ற பெரிய வேலைகளுக்கு உரிமையாளர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது தொழில்முறைப் பொறியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் கட்டடத்தை அளந்து, தற்போதைய நிலை, உத்தேசிக்கும் நிலை ஆகிய இரண்டுக்கும் தள வரைபடம், குறுக்குவெட்டு, முகப்புத் தோற்றம் ஆகியவற்றைத் தயாரித்து ஆணையத்துக்கு அனுப்புவார். திட்டம் நெறிகளுக்கு உட்பட்டிருந்தால் எழுத்துவழி அனுமதி கிடைக்கும். திருத்தம் தேவையானால் அதைச் செய்து மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் தேசிய வளர்ச்சி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த அனுமதி மட்டும் போதாது. கட்டமைப்பின் உறுதிக்குக் கட்டட, கட்டுமான ஆணையமும் தீப் பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படையும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். மரத் தளத்தைக் காக்க வேண்டும் என்பது ஒரு விதி, தீ பரவக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் மோதும் இடத்தைச் சரிசெய்யவே பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளுக்கெனத் தீப் பாதுகாப்பு விதிகளில் தனி ஏற்பாடுகள் உள்ளன. விளம்பரப் பலகையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முகப்பின் சுதை வேலையையோ சன்னலையோ அது மறைக்கலாகாது.

பயன்பாட்டு மாற்றம்

சுவரில் கை வைக்காமல் தொழிலை மட்டும் மாற்றினாலும், எடுத்துக்காட்டாகத் துணிக்கடையை உணவகமாக்கினாலும், அனுமதி தேவைப்படலாம். வரலாற்று வட்டாரங்களின் மையப் பகுதிகளில் தரைத்தளத்தின் பயன்பாடு மேலும் கண்டிப்பாக வரையறுக்கப்பட்டுள்ளது. வட்டாரத்தின் இயல்போடு பொருந்தாத சில தொழில்களுக்கு அங்கே இடமில்லை.

தேசிய நினைவுச்சின்னங்கள்

தனிச்சிறப்புள்ள கட்டடங்கள் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றில் வேலை செய்யத் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973இலும், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1978இலும், டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1979இலும் இப்பட்டியலில் சேர்ந்தன. கோயில்களில் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது ஆகம மரபு. உள்ளதை உள்ளபடி காப்பது நினைவுச்சின்ன நெறி. 2023இல் மாரியம்மன் கோயில் குடமுழுக்கை ஒட்டி நடந்த திருப்பணியில் இவ்விரண்டும் சேர்ந்தே கவனிக்கப்பட வேண்டியிருந்தது. சுதைச் சிற்ப வேலைக்கு இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர்.

சலுகையும் தண்டனையும்

தொடக்க காலத்திலிருந்தே ஆணையம் நேரடி மானியத்தைவிடக் கட்டண விலக்குகளையே ஊக்கமாக அளித்து வந்தது. மேம்பாட்டுக் கட்டணமும் வாகன நிறுத்துமிடப் பற்றாக்குறைக் கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டன. சிறந்த மீட்டமைப்புகளுக்கு 1995 முதல் கட்டடக்கலை மரபுடைமை விருதுகள் வழங்கப்படுகின்றன. அனுமதியின்றி வேலை செய்வது குற்றம். அதற்கு 2 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

விளைவுகளும் விமர்சனமும்

இந்த முறையால் நிலத்தட்டுப்பாடு கடுமையாக உள்ள ஒரு நகரில் முழுத் தெருக்கள் தப்பிப் பிழைத்தன. இந்தியப் பகுதியாக அறியப்படும் லிட்டில் இந்தியாவில் சீன வணிகர் டான் தெங் நியாவின் 1900ஆம் ஆண்டு மாளிகையும் காக்கப்பட்டிருப்பது, பாதுகாப்பு கட்டடத்தின் மதிப்பைச் சார்ந்ததே அன்றி இனத்தைச் சார்ந்தது அல்ல என்பதைக் காட்டுகிறது.

தெருவின் வாழ்க்கையைக் காப்பதில் அதே வெற்றி கிட்டவில்லை. வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 2001இல் முற்றிலும் நீக்கப்பட்டது. புதுப்பித்த கடைவீடுகளின் விலையும் வாடகையும் உயர்ந்தன. பல பழைய குடித்தனங்களும் சிறு தொழில்களும் வெளியேறின. ஓட்டின் நிறத்தையும் சன்னலின் மரத்தையும் நுணுக்கமாக வரையறுக்கும் விதிகளுக்குள் வாடகைக்கோ குடியிருப்பவர்களுக்கோ இடமில்லை. பயன்பாட்டு விதியால் சில தொழில்களைத் தடுக்க முடிகிறது. பூக்கட்டும் கடையையோ மாவு அரைக்கும் கடையையோ அதே இடத்தில் நிலைக்கச் செய்ய அதனால் முடியாது. கட்டட அனுமதி தன் இயல்பிலேயே கட்டடத்துக்கு உரியது. உள்ளே நடக்கும் தொழிலைக் காக்க வாடகை, உரிமம், மானியம் ஆகியவற்றைத் தொடும் வேறு கொள்கைகள் தேவைப்படுகின்றன.