கால்சட்டைப் பையில் ஒரு சட்டம்

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. உலகெங்கும் நீதிமன்றங்கள் ஓதுகிற முதல் பாடம் இது. நியாயந்தான். ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்க வேண்டாமா? ராஜா காலத்தில்கூடத் தமுக்கடித்துக்கொண்டு ஒருவன் தெருத் தெருவாக வந்தான். அந்தச் சத்தம் காதில் விழாதவன் ஒன்று செவிடனாக இருக்க வேண்டும், அல்லது ஊரில் இல்லாதவனாக இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில், அச்சு யந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த அமெரிக்காவில், அந்தத் தமுக்கை அடிக்க மறந்துபோனார்கள் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நடந்தது அதுதான்.

1930-ல் டெக்ஸாஸ் மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் மண்ணுக்கடியில் எண்ணெய் ஒரு சமுத்திரமாக அகப்பட்டது. அவனவன் கிணறு தோண்டினான். அடுத்த வருஷமே ஒரு பீப்பாய் பத்து சென்ட் அளவுக்கு விலை இறங்கிவிட்டது. நாடு முழுவதும் பொருளாதார மந்தத்தில் தத்தளித்த காலம். 1933-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். தொழில்களை மீட்பதற்கென்று காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து கொடுக்க, அதன் பேரில் தொழிலுக்கு ஒன்றாக விதித்தொகுப்புகள் பிறந்தன. இரண்டு வருஷத்துக்குள் அவை ஐந்நூறைத் தாண்டின. எண்ணெய்க்கும் ஒன்று வந்தது. மாகாணம் அனுமதித்த அளவுக்கு மிஞ்சி எண்ணெய் எடுப்பது குற்றம் என்றது அது. அப்படி எடுத்த எண்ணெய்க்குச் 'சூடான எண்ணெய்' என்று ஜனங்கள் பட்டப் பெயர் வைத்தார்கள்.

சர்க்கார் வழக்குகள் தொடுத்தது. கைதுகள் நடந்தன. ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போன பிறகுதான் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 1933 செப்டம்பரில் விதித்தொகுப்பைத் திருத்தியபோது, மிஞ்சி எடுப்பதைக் குற்றமாக்கிய வாசகமே கைதவறி விடுபட்டுப் போயிருந்தது! ஒரு வருஷ காலம், இல்லாத ஒரு ஷரத்தின் பேரில் சர்க்கார் வழக்காடியிருக்கிறது. குற்றம் சாட்டியவர்களுக்கும் தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நீதிபதிகளுக்கும் தெரியவில்லை. உத்தரவுகளைத் தேதி வாரியாக அச்சிட்டு ஓரிடத்தில் வைக்கும் வழக்கமே அங்கே இல்லாததுதான் காரணம்.

1934 டிசம்பரில் நடந்த விசாரணையில், இந்த உத்தரவுகளில் என்ன இருக்கிறது என்று ஒரு சாதாரண மனிதன் எப்படி அறிந்துகொள்வது என்று நீதிபதி பிராண்டைஸ் கேட்டார். அரசாங்க வக்கீலிடம் சரியான பதில் இல்லை. எண்ணெய்க்காரர்களின் வக்கீலோ, தாம் பார்த்த ஒரே பிரதி சர்க்கார் அதிகாரி ஒருவரின் கால்சட்டைப் பின்பையில் இருந்ததாகச் சொன்னார். 1935 ஜனவரி 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. காங்கிரஸ் தன் அதிகாரத்தை வரையறையின்றி ஜனாதிபதிக்குத் தூக்கிக் கொடுத்தது செல்லாது என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். கார்டோஸோ ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

இதே சமயத்தில் ஹார்வர்டில் முப்பது வயது ஆசிரியர் எர்வின் கிரிஸ்வோல்ட், சட்டத்தைப் பற்றிய அறியாமையில் சர்க்காரே உழல்கிறது என்று எழுதி, உத்தரவுகளுக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று வாதாடினார். 1935 ஜூலை 26-ல் அதற்கான சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். 1936 மார்ச் 14-ல் 'ஃபெடரல் ரிஜிஸ்டர்' என்ற கெஜட்டின் முதல் இதழ் வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். அதில் முதலாவதாக இடம்பெற்றது தெற்குக் கரோலினாவில் ஒரு பறவைச் சரணாலயத்தை விரிவாக்கும் உத்தரவு. எண்ணெயில் ஆரம்பித்த சண்டை பறவையில் வந்து முடிந்தது!

அத்தோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. இடாஹோவில் ஒரு விவசாயி 1945-ல் தம் 460 ஏக்கர் கோதுமைக்குச் சர்க்கார் நிறுவனத்தில் பயிர் இன்ஷூரன்ஸ் கேட்டார். அதில் 400 ஏக்கர் குளிர்காலக் கோதுமை விதைத்த நிலத்திலேயே மறுபடி விதைத்தது என்பதையும் உள்ளூர் அலுவலரிடம் மறைக்காமல் சொன்னார். பரவாயில்லை, அதற்கும் இன்ஷூரன்ஸ் உண்டு என்றார்கள். மழை பொய்த்தது, பயிர் கருகியது. நஷ்ட ஈடு கேட்டபோது, மறுவிதைப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று கெஜட்டில் போட்டிருக்கிறதே என்று கையை விரித்தார்கள். அந்த அலுவலருக்கே தெரியாத விதி அது. 1947-ல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கெஜட்டில் வந்தது எல்லோருக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. விவசாயி தோற்றார். கழனியில் பாடுபடுகிறவன் உழுவதை விட்டுவிட்டுக் கெஜட்டைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா என்று நீதிபதி ஜாக்ஸன் தம் மாறுபட்ட தீர்ப்பில் பரிகசித்தார்.

ஆக, தமுக்கடித்தால் மட்டும் போதாது. அடிப்பதற்கு முன்னால் ஊராரைக் கேட்கவும் வேண்டும். 1946 ஜூன் 11-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம் அதற்குத்தான் வழி செய்தது. இலாகா ஒன்று புது விதி செய்ய நினைத்தால், எந்த அதிகாரத்தின் பேரில் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே கெஜட்டில் அறிவிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வந்ததைப் பரிசீலித்து, விதிக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி வெளியிட வேண்டும். வெளியிட்டு முப்பது நாளாவது கழிந்துதான் விதி அமலுக்கு வரும். ராணுவம், வெளிநாட்டு விவகாரம், அவசரம் என்று விலக்குகளும் உண்டு.

கடுதாசி போட்டால் எவன் படிக்கப் போகிறான் என்று நினைப்பது மனித சுபாவம். மீன் வியாபாரிகள் சிலருக்கு வேறு அநுபவம் கிடைத்தது. புகையூட்டிய மீனில் விஷக் கிருமி சேராதிருக்க, 180 டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று உணவு மருந்து இலாகா 1970-ல் விதித்தது. அவ்வளவு சூட்டில் வெள்ளை மீன் விற்பனைக்கே லாயக்கற்றுப் போகும், மீனுக்கு மீன் முறை மாற வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தார்கள். இலாகா அதற்குப் பதில் சொல்லவே இல்லை. முக்கியமான ஆட்சேபத்துக்குப் பதில் இல்லை, ஆதாரமாகக் கொண்ட ஆராய்ச்சியையும் காட்டவில்லை என்பதற்காக, 1977-ல் அப்பீல் கோர்ட் வெள்ளை மீன் விஷயத்தில் அந்த விதியை அமல்படுத்த மறுத்தது.

ஆனால் இது வோட்டு அல்ல. 2017-ல் இணையச் சேவை பற்றிய ஒரு விதிக்கு 2 கோடியே 20 லட்சம் அபிப்பிராயங்கள் குவிந்தன. அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் 2021-ல் அறிவித்தார். கோடிப் பேர் கூச்சலிட்டாலும் காரணம் இல்லாவிட்டால் அது சத்தந்தான். காரணத்தோடு வந்தால் ஒற்றைக் கடிதத்துக்கும் இலாகா பதில் சொல்லியாக வேண்டும்.

பதினாறு பக்கத்தில் ஆரம்பித்த கெஜட் இன்று வருஷத்துக்குப் பல பத்தாயிரம் பக்கமாகப் பெருத்துவிட்டது. அன்று சட்டம் ஒருவர் பையில் ஒளிந்திருந்தது. இன்று காகிதக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. இடாஹோ விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காட்டுக்குள் தேடிப் போக ஒருவன் துணிந்தால், அவன் எடுத்து வரும் கேள்விக்கு ஆள்கிறவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும். பையில் இருந்த காகிதத்தை அப்படிக் கேட்க முடிந்ததில்லை.