கொக்கரெ பெள்ளூர்: புளியமரமும் பறவையும்

வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் ஆட்சியரிடம் எழுதிப் பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். பெங்களூர்–மைசூர் சாலையை ஒட்டிய மத்தூருக்கு அருகிலுள்ள கொக்கரெ பெள்ளூரிலோ அக்காவல் உறவாகவே அமைந்தது. ஊர் நடுவே, வீட்டுப் புளியமரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள்களாகவே ஊரார் கருதினர். பறவை எச்சம் வயலுக்கு உரமாயிற்று. எனினும், கூடுள்ள மரத்தில் புளி உலுக்க இயலாது. வன அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் 1976இல் இவ்வூரை வெளியுலகிற்கு அறிவித்தார். அவ்விழப்பிற்கு வனத்துறை ஈட்டுத்தொகையும் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் ஊர் இளைஞர்கள், கூழைக்கடாச் சுற்றம் எனப் பொருள்படும் ‘ஹெஜ்ஜார்லெ பளக’ என்ற அமைப்பின்வழி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பேணி வளர்த்தனர். வேட்டையைச் சட்டம் தடுக்கும். மரத்தை வெட்டாதிருப்பது உரிமையாளர் கையில் உள்ளது. அவரது புளிக்கணக்கையும் சேர்த்து எழுதுவதே பறவைப் பாதுகாப்பின் முழு வரலாறாகும்.