கார் பிரேக் பேடும் டிஸ்க்கும்: வீட்டிலேயே மாற்றும் வழக்கத்தின் வரலாறு

காரின் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டு டிஸ்க் அல்லது ரோட்டர் எனப்படும். அதனை இருபுறமும் அழுத்தி வேகத்தைக் குறைக்கும் உராய்வுப் பட்டைகளே பிரேக் பேடுகள். இவை இரண்டும் தேய்வதற்கென்றே அமைந்த பாகங்கள். எனவே இவற்றை மாற்றும் வேலை காரின் வரலாற்றோடு கூடவே வளர்ந்து வந்துள்ளது.

தொடக்க காலம்

முதல் கார்களில் குதிரை வண்டிகளில் இருந்ததைப் போன்ற மரக்கட்டை பிரேக்குகளே இருந்தன. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குக் காரில் சென்றார். வழியில் கட்டைகள் தேய்ந்துபோகவே, ஒரு செருப்புத் தைப்பவரிடம் அவற்றின்மேல் தோல் பொருத்தச் செய்தார். பிரேக் பட்டையின் தொடக்கமாக இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. வழியில் கிடைத்த பொருளைக் கொண்டு, காரை ஓட்டியவரே பார்த்துக்கொண்ட பழுதுபார்ப்பு அது.

1902-இல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள் உலோகத்தோடு உலோகம் உரசிக் கிறீச்சிட்டன. சாலைப் புழுதியில் விரைவில் தேய்ந்தன. அதே ஆண்டில் பிரான்சின் லூயி ரெனோ உருவாக்கிய டிரம் பிரேக்கே அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிலைத்தது.

டிஸ்க் பிரேக்கின் எழுச்சி

ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 3,75,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். மூடிய டிரம்முக்குள் இந்த வெப்பம் தேங்கும். அதனால் பிரேக்கின் பிடிப்பு குறையும். டிஸ்க்கோ திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் குளிரும். 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றபோது இந்த மேன்மை உலகறிய வெளிப்பட்டது. 1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இடம்பெற்றது.

இந்த மாற்றம் வீட்டில் பழுதுபார்ப்போருக்கும் உதவியது. டிரம் பிரேக்கைப் பிரித்தால் பல ஸ்பிரிங்குகளையும் கொக்கிகளையும் இடம் மாறாமல் மீண்டும் பூட்ட வேண்டும். டிஸ்க் பிரேக்கிலோ பெரும்பாலும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினாலே பேடுகள் கைக்கு வந்துவிடும். 1966-இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காருக்கான முதல் வழிகாட்டி நூலை ஜான் ஹேன்ஸ் வெளியிட்டார். காரைப் பிரித்துப் பூட்டி, படிப்படியாகப் படங்களுடன் விளக்கும் அவரது முறை பலரை முதன்முறையாக ஸ்பேனரைக் கையில் எடுக்க வைத்தது.

முன்பு தேய்ந்த டிஸ்க்கைக் கடைசல் எந்திரத்தில் சீவிச் சமன்செய்வது வழக்கம். பின்னர் டிஸ்க்குகள் மெலிதாகவும் மலிவாகவும் வந்ததால், பேடுடன் சேர்த்து டிஸ்க்கையும் மாற்றுவது பரவலாயிற்று.

தூசியில் இருந்த ஆபத்து

இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃபுரூட் 1908-இல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பிரேக் பட்டையைக் கொண்டுவந்தார். வெப்பம் தாங்கும் அந்த இழை பல பத்தாண்டுகள் பட்டைகளில் முதன்மைப் பொருளாக இருந்தது. பிரேக்கைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளிலும் வீடுகளிலும் இயல்பான பழக்கமாக இருந்தது. அதே இழை நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது பின்னர் உறுதியானது. பிரிட்டன் 1999-இல் வெள்ளை ஆஸ்பெஸ்டாசையும் தடை செய்தது. அமெரிக்காவில் 1989-இல் வெளியான தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் நீக்கியது; வெள்ளை ஆஸ்பெஸ்டாசுக்கான தடை 2024-இல்தான் வந்தது.

செம்பும் இதே கேள்வியை எழுப்பியது. பேடிலிருந்து உதிரும் செம்புத் துகள் மழைநீரோடு ஆற்றை அடைந்து மீன்களைப் பாதிப்பதால், வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-இல் அதைக் குறைக்கச் சட்டம் இயற்றின.

முதன்முறை மாற்றுவோருக்கு வரலாறு விட்டுச்சென்ற விதிகள்

இன்றைய வழிகாட்டிகள் கூறும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. தூசியை ஊதக்கூடாது, ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளின்மேல் காரை நிறுத்த வேண்டும். காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் குழாய் சேதமடையும். துருப்பிடிக்காதிருக்கப் புதிய டிஸ்க்கில் பூசிய எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடு மாற்ற வேண்டும். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கும்.

இவற்றில் தலையாயது கடைசி விதி. புதிய பேடுகளுக்கு இடம்விடப் பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்பதால், முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கிவிடும். பெடல் உறுதிப்படும்வரை பலமுறை மிதித்த பின்னரே காரை நகர்த்த வேண்டும்.