பெண்கள் பந்தாட்டமும் பதுளை நகரமும்

"அமெரிக்காவிலே பெண்கள் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறார்களாமே, நம்ம பதுளையில் அப்படி ஒரு குழு உண்டாகாதா, சேர்?"

சென்ற தவணையில் வகுப்பறையில் ஒரு மாணவி இவ்வாறு கேட்டபோது மற்றவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. கேட்டவள் தோட்டத்திலிருந்து வருபவள். வலைப்பந்தாட்டத்தில் பாடசாலையின் சிறந்த ஆட்டக்காரி. அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று. பிழைப்பைப் பற்றிய கேள்வி. அதற்குச் சிரிப்பு விடையாகாது. வரலாற்றில்தான் விடை தேட வேண்டும்.

ஒரு நடுத்தர நகரம் புதிய பெண்கள் குழுவொன்றைத் தாங்குமா என்பதைச் செல்வ நாடுகளின் முதலாளிகள் இன்றும் விவாதித்து வருகின்றனர். எத்தனை நுழைவுச் சீட்டு விற்கும் என்பதே அவர்களுடைய கவலை. நாம் கேட்க வேண்டியது அதற்கு முற்பட்ட வினா: இதுவரை பெண்கள் குழுக்களைத் தாங்கி நின்றது யார்? எதைக் கொடுத்துத் தாங்கினர்? எப்போது கைவிட்டனர்?

பந்து வந்த வழியை முதலில் காண்போம். 1891 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். மறு ஆண்டே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரியில் அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். பெண்ணின் உடல் ஓட்டத்தைத் தாங்காது என்று நம்பிய காலம் அது. ஆகவே மைதானத்தைப் பிரித்து, ஒவ்வொருத்திக்கும் எல்லை வகுத்தனர். அவ்விளையாட்டு இங்கிலாந்துக்குச் சென்று மாற்றமடைந்து வலைப்பந்தாட்டம் ஆயிற்று. பேரரசின் பாதையிலே இலங்கைக்கும் வந்து, ஆங்கிலம் கற்பித்த பெண்கள் கல்லூரிகளிலே வேரூன்றியது. இலங்கைப் பெண்ணின் பந்தாட்டம் என்றால் இன்றும் பெரும்பாலும் வலைப்பந்தாட்டமே. 1960 ஆம் ஆண்டில் அதற்கான உலக சம்மேளனத்தை அமைக்கப் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் இலங்கைதான். 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை ஆடிற்று.

பெருமைக்குரிய செய்தியே. ஆனால் அதே ஆண்டுகளில் நமுனுகுல மலைச்சரிவுகளில் வாழ்ந்த பெண்களின் நிலை என்ன? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னர் பார்க்கலாம் என்று விடப்பட்டது. உலகப் போட்டியில் ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி ஆடுவதற்கு முதலில் நாடு என்று ஒன்று வேண்டுமல்லவா? தோட்டத்துச் சிறுமிக்குக் கிடைத்தது ஒற்றை அறைப் பள்ளியும் ஓரிரு ஆண்டுப் படிப்பும். அதற்கப்பால் கொழுந்துக் கூடை. கூடை அவளுக்கு அந்நியமானதன்று; பந்துதான் அந்நியம்.

நிலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வலைப்பந்தாட்டத்துக்கு நூறடி நீளமும் ஐம்பதடி அகலமுமான சமதரை போதும். மலையிலே சமதரை தானாக அமைவதில்லை. வெட்டித்தான் அமைக்க வேண்டும். துரையின் பங்களா முற்றத்தில் டென்னிஸ் ஆடுவதற்காக மலையை வெட்டிச் சமமாக்கிய கைகள் தொழிலாளரின் கைகளே. அவ்வளவு நிலத்தில் ஒரு வலைப்பந்துத் தளம் தாராளமாக அடங்கும். லயத்துப் பிள்ளைகளுக்கென அதே மண்வெட்டி எழவில்லை. ஆகவே, மலைநாட்டில் மைதானம் இல்லாமை இயற்கையின் குறை என்பது பாதி உண்மையே.

இனி வெளியுலகைப் பார்ப்போம். அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் 1950 இல் ஓர் இலட்சம் பேரும் இல்லாத ஆலை நகரம். அங்குள்ள ஹேன்ஸ் காலுறை ஆலை தன் பெயரிலே ஒரு பெண்கள் கூடைப்பந்துக் குழுவை வைத்திருந்தது. அக்குழு 1951, 1952, 1953 ஆகிய மூன்றாண்டுகளிலும் தேசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது; தொடர்ந்து 102 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. ஆனால் 1954 இல் ஆலை நிருவாகம் குழுவைக் கலைத்தது. தோற்று அழிந்த குழுவன்று அது. உடையவன் வேண்டாம் என்றதால் மறைந்த குழு. மேலும், நிறவெறி ஆண்ட அந்நகரிலே கறுப்பினப் பெண்ணுக்கு அக்குழுவில் இடமில்லை. 1943 இல் புகையிலைத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்திச் சங்கம் கண்டவர்களில் முன்னின்றவர்கள் அக்கறுப்பினப் பெண்களே. ஆலையின் தயவில் ஒரு சாரார் ஆடிய நகரில், மறு சாரார் உரிமைக்காகப் போராடினர். 1950 இல் அந்தச் சங்கம் வீழ்த்தப்பட்டது. இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தாலன்றி அந்நகரை நாம் அறிந்தவர்களாக மாட்டோம்.

பின்னர் நுழைவுச் சீட்டை நம்பிய குழுக்கள் எழுந்தன. 1978 இல் தோன்றிய அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைப் போட்டி 1981 இல் முடிந்தது. அதில் ஆடிய அயோவா குழுவை எடுத்துக்கொள்வோம். அயோவா பெருநகரங்கள் இல்லாத விவசாய மாநிலம். ஆனால் பாடசாலைச் சிறுமியர் பந்தாடுவதைப் பார்க்க ஊரே திரளும் மரபு பல தலைமுறையாக அங்கே இருந்தது. அம்மரபின் வலிமையால் அக்குழு ஆடிய இரண்டு பருவங்களிலும் இறுதி ஆட்டம்வரை சென்றது. ஆயினும் இரண்டு பருவங்களோடு அதன் ஆயுள் முடிந்தது. இரசிகர் அன்பு மட்டும் சம்பளமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1997 இல் தொடங்கிய இன்றைய அமெரிக்கப் பெண்கள் போட்டியில் ஹூஸ்டன் குழு முதல் நான்கு ஆண்டுகளும் வெற்றி வாகை சூடியது; அதுவும் 2008 இல் மூடப்பட்டது. ஹூஸ்டன் சிறு நகரமன்று. அமெரிக்காவின் மாபெரும் நகரங்களில் ஒன்று. கிளீவ்லாந்தின் குழு 2003 இல் கைவிடப்பட்டது; அதே நகரில் புதுக்குழு அமைக்கும் உரிமை 2025 இல் 25 கோடி டொலருக்கு விலைபோயிற்று. ஊர் மாறவில்லை, பெண்கள் ஆட்டத்தில் இலாபம் உண்டென்ற எண்ணமே புதிதாகப் பிறந்தது. மாறாக, கனெக்டிகட் மாநிலத்தின் அங்கஸ்வில் ஒரு சிற்றூர். அமெரிக்கப் பழங்குடிகளான மொஹீகன் மக்கள் 2003 இல் ஒரு குழுவை வாங்கி அங்கே ஆடவைத்தனர். பெருநகரக் குழுக்கள் பல மறைந்த காலத்திலும் அது நிலைத்தது. அதைத் தாங்கியது அவர்களது சூதாட்ட விடுதியின் வருவாய். 2025 இல் அக்குழுவை விற்கும் முயற்சியும் எழுந்தது. ஆகவே நகரத்தின் அளவு தீர்ப்பளிப்பதில்லை. குழு யார் கையில் இருக்கிறது, எந்தப் பணத்தில் நிற்கிறது என்பவையே தீர்ப்பளிக்கின்றன.

நமக்கு அண்மையில் இன்னொரு வழியும் உண்டு. இந்தியப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தை நெடுங்காலம் தாங்கி வருவது ரயில்வே. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2021 இல் பத்மசிறீ விருதும் பெற்றார். அங்கே ஆட்டக்காரி வேலை உள்ளவள். பயிற்சிக்கு நேரம் பெற்றவள். கால் முறிந்தாலும் மாதச் சம்பளத்தை இழக்காதவள்.

இலங்கையிலும் பெண்கள் பந்தாட்டத்தைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் வங்கிகளும் முப்படைகளுமே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் வங்கிக் குழுவுக்கும் நாட்டுக்கும் ஆடினார். 2019 ஆம் ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் போட்டு அனைத்து நாட்டாரையும் முந்தினார். மற்றொரு வங்கியின் பிறப்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான வலைப்பந்துப் போட்டிகளில் பெயர்பெற்ற ஹற்றன் நஷனல் வங்கியின் மூலவேர், 1888 இல் ஹற்றனில் தோட்டத்துரைமாரின் பணத்தேவைக்காகத் தொடங்கிய சிறு வங்கி. தேயிலையில் முளைத்த பணம் கொழும்பிலே பெண்கள் குழுவைத் தாங்கலாமென்றால், தேயிலை விளையும் மலையிலே ஏன் தாங்கலாகாது?

இப்போது பதுளைக்கு வருவோம். 1924 இல் ரயில் வந்து சேர்ந்த இடம், ஊவாவின் தலைநகர், 2005 முதல் பல்கலைக்கழகமும் உண்டு. நகர எல்லைக்குள் வாழ்வோர் ஐம்பதினாயிரம் பேரும் இல்லர். ஆனால் மாவட்டத்தின் சனத்தொகை எட்டு இலட்சத்தைத் தாண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று சுற்றிலும் தோட்டங்களும் ஊர்களும் நிறைந்திருக்கின்றன. ஆட்டம் பார்க்க ஆள் வராது என்று நாம் நம்பவில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்குப் பத்து ஆட்டம் சொந்த மைதானத்தில் நடக்கிறது என்றும், ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் நூறு ரூபா கொடுத்து வருகின்றனர் என்றும் கொள்வோம். வருவாய் பத்து இலட்சம் ரூபா. பன்னிரண்டு ஆட்டக்காரிகளுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் ஒருத்திக்கு மாதம் ஏழாயிரம் ரூபாவும் வராது. அதுவும் பஸ் செலவு, பயிற்றுநர் சம்பளம் எதுவும் கழிக்காமல். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இருபத்தைந்து பேர் விழுந்தால் 33,750 ரூபா. வறுமைச் சம்பளம் என்று நாம் கண்டிக்கும் அத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நுழைவுச் சீட்டு கொடுக்கும். எனவே சீட்டை மட்டும் நம்பி ஒரு குழுவைப் பதுளை தாங்காது. இதனை மாணவியிடம் மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் ரயில்வே காட்டிய வழியில் மறுபடியும் கணக்கிடுவோம். மாநகரசபை, வைத்தியசாலை, வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், தோட்டக் கம்பனிகள் எனப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு பெண்ணை நிரந்தர வேலைக்கு எடுக்கட்டும். அரைநாள் வேலை, அரைநாள் பயிற்சி, முழுநாட் சம்பளம். அதே 33,750 ரூபாவை அளவாகக் கொண்டால், ஒவ்வொரு நிறுவனமும் விளையாட்டுக்கென இழப்பது மாதம் 16,875 ரூபா. இதனைத் தாங்காத நகரமா பதுளை?

ஆகவே இல்லாதது பணமன்று. பெண்ணின் நேரத்துக்கு மதிப்பளிக்கும் மனமே இல்லாதது. தோட்டத்துப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் அடுப்பு, பிள்ளை, பிரட்டு. பகல் முழுதும் மலையிலே கொழுந்து. நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் தண்ணீர், விறகு, மறுபடி அடுப்பு. ஆணுக்கு நிகரான நாட்சம்பளமே 1984 இல்தான் அவளுக்குக் கிடைத்தது. நிகரான ஓய்வு இன்னும் கிடைக்கவில்லை. மாலையில் ஆண்பிள்ளைகள் மட்டையோடு கோயிலடிக்குப் போகின்றனர். பெண்பிள்ளைகள் குடத்தோடு பீலிக்குப் போகின்றனர். பாடசாலை இறுதி வகுப்போடு நம் ஆட்டக்காரிகள் மறைவதும் இதனாலேயே. சிலர் ஆடைத் தொழிற்சாலைக்கு, சிலர் கொழும்பு வீடுகளின் சமையலறைக்கு, சிலர் கடல் கடந்து. திறமை குன்றியதாலன்று, வயிறு அழைத்ததால்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கம்பனியின் தயவை மட்டும் நம்பினால் ஹேன்ஸ் ஆலையின் கதையே இங்கும் நிகழும். முதலாளி தந்ததை முதலாளி பறிப்பான். எனவே வேலை நிரந்தரமாக எழுத்தில் இருக்க வேண்டும்; குழு எந்தத் தனிக் கம்பனியின் விளம்பரப் பலகையாகவும் இருத்தலாகாது. பாடசாலைகளும் மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாநகரசபையும் கூடி நடத்தும் பொதுச்சொத்தாக அது அமையவேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பெண்ணும் கிராமத்துச் சிங்களப்பெண்ணும் நகரத்து முஸ்லிம்பெண்ணும் அதில் சமமாக நிற்கவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, தோட்டந்தோறும் நூறடிச் சமதரையையும், வயதுவந்த பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் இரு மாலை நேரங்களையும் கோரிக்கையாக வைக்கவேண்டும். அற்பக் கோரிக்கை என்று எவரேனும் நகைத்தால், எட்டு மணிநேர வேலைநாளும் ஒரு காலத்தில் நகைப்புக்குரியதாகவே இருந்தது என்று நினைவூட்டுவோம்.

அடுத்த நாள் அம்மாணவிக்கு நாம் விடை சொன்னோம்: "பதுளை தாங்கும். ஆனால் அதுவாகத் தாங்காது. நாம் கேட்டுத் தாங்கவைக்க வேண்டும்." அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் முதலில் யாரிடம் கேட்பது, சேர்?" என்றாள். வகுப்பில் இம்முறை எவரும் சிரிக்கவில்லை.