கங்காணி

கண்ணால் காண்பவர் என்பதே பொருள். ‘கண்காணி’ பேச்சில் மருவிக் கங்காணி ஆயிற்று. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அந்தச் சொல்லின் சுமை கூடியது. ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போனவரே வேலையும் வாங்கினார். முன்பணக் கடனும் அவர் கையில்தான். வேலைக்கு இறங்கிய ஆட்களை எண்ணி அவருக்குத் தலைக்காசு. தோட்டத்தை நடத்திய துரைக்குக் கொழுந்தின் எடை குறையக் கூடாது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பவரோ சொந்த ஊர்க்காரர், பல நேரம் உறவினர். இரண்டுக்கும் நடுவில் கங்காணி.

கட்டட வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி வேறு. அந்தச் சொல் போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது, ஆசான் என்றும் பொருள். சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்ப்பார். கோணல் தெரிந்தால் கரண்டியை வாங்கித் தாமே ஒரு வரிசை கட்டிக் காட்டுவார். எனக்கு வேலை கற்றுத் தந்தவர்கள் இந்த வகைதான்.