ஆச்சி நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது

இன்றைக்கு என் சொந்த ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதனால் கொஞ்சம் பாசம் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் ஆச்சி பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். அவளுக்குக் கல்யாணம் ஆனது திரு-கொச்சி மாநிலத்தில். என் அம்மாவைப் பெற்றது மெட்ராஸ் மாநிலத்தில். எங்களைத் தூக்கி வளர்த்தது தமிழ்நாட்டில். ஏதோ ஊர் ஊராகச் சுற்றின குடும்பம்னு நினைச்சுடாதீங்க. ஆச்சியின் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடந்து போகிற தூரம்தான், இரண்டுமே நாகர்கோவிலுக்குள். அவள் எங்கேயும் போகவில்லை. எல்லைதான் அவளைத் தாண்டிப் போயிற்று.

மேப்பைத் திறந்து பாருங்க. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர் சொச்சம். திருவனந்தபுரம் 70-க்குள். சென்னையோ 700 கிலோமீட்டர் தள்ளி. எங்கள் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி, விமானம் என்றால் இன்றும் முதலில் ஞாபகம் வருவது திருவனந்தபுரம்தான். ரயில்வேக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே 1979-இல், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பக்கமிருந்து வர 1981 ஆயிற்று. இன்றைக்கும் நாகர்கோவில் ஸ்டேஷன் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னும் வேடிக்கை பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலைக்குப் பக்கத்தில், நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ் தூரம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. மண் தமிழ்நாடு. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கிழிப்பவரும் கேரள அரசு ஊழியர்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவுக்குப் படைத்தளபதி ஆன டச்சுக் கம்பெனி ஆள். கல்லறையில் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது: லத்தீன், தமிழ். மலையாள ராஜா என்று நாம் நினைக்கிற ஒருவரின் தளபதிக்குத் தமிழில் கல்வெட்டு! அந்தக் காலத்தில் இது யாருக்கும் விசித்திரமாகத் தெரிந்திருக்காது. திருவிதாங்கூரின் தென்கோடி பேசியது தமிழ்தான்.

ஊர்ப் பெயருக்குக் காரணமான நாகராஜா கோயிலும் இப்படித்தான். உள்ளே தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுவரை அங்கே சமணம் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கருவறைக்கு இன்னமும் ஓலைக் கூரை. பிரசாதம் மண். சின்ன வயதில் அந்த மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு நேராகக் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

சரி, எல்லாரும் ஒற்றுமையாகப் பாயசம் குடித்தார்கள் என்று முடித்துவிட முடியுமா? முடியாது. இதே ஊரில்தான், இதே ராஜாக்களின் ஆட்சியில்தான், நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்று வழக்கம் இருந்தது. அதை எதிர்த்த தோள்சீலைப் போராட்டம் 1822-இல் தொடங்கி, அடங்கி, மறுபடி வெடித்து, 1859-இல் ராஜாவின் பிரகடனத்தில் போய் நின்றது. அந்தப் பிரகடனமும் முழு உரிமை கொடுக்கவில்லை. துணி போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோலப் போடக் கூடாது என்று ஒரு வாலை விட்டுவைத்தது. 2023 மார்ச்சில் அதன் 200-ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தபோது மேடையில் இரண்டு முதல்வர்கள், ஸ்டாலினும் பினராயி விஜயனும். ஏன் இரண்டு பேர்? அந்தப் பெண்கள் போராடியபோது இந்த எல்லைக்கோடே கிடையாது. அவர்களை யார் கணக்கில் எழுதுவது?

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு 1956-க்கு வருவோம்.

சுதந்திரம் வரும் நேரத்தில் தென் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கு ஒரு குறை இருந்தது. கச்சேரி, ஆபீஸ், வேலை எல்லாவற்றிலும் மலையாளம் முன்னால் நின்றது. 1945-இல் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது. அதன் முகம் நாகர்கோவில் வக்கீல் நேசமணி. அவரைப் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: கோர்ட்டில் சில சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்று இருந்ததாம், இவர் முக்காலியை எட்டி உதைத்தாராம். நாங்கள் மார்ஷல் என்று கூப்பிடும் மனிதர் அவர்.

1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அப்போது திரு-கொச்சியில் பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, 'ஜனங்கள் மேல் சுட்ட நம் அரசு ராஜினாமா செய்ய வேண்டும்' என்று தன் கட்சியிடமே கேட்டார். கட்சி கேட்கவில்லை. அடுத்த வருடமே லோகியா வெளியே போனார். இந்தியாவின் சோஷலிஸ்ட் கட்சி உடைந்த கதையில் எங்கள் மார்த்தாண்டம் சந்தைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது டெல்லியில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக மெட்ராஸ் மாநிலத்தில் சேர்ந்தன. நாகர்கோவில் தலைநகர். செங்கோட்டையில் ஒரு பகுதி நெல்லைக்கு வந்தது. கேட்டது இதைவிட அதிகம். தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. அங்கே இருந்த தமிழர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள், வந்து போகிறவர்கள் என்று ஆணையம் கருதியது. நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்லும்போதெல்லாம் மூணாறு லயங்களில் இருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். அதே தேதிதான் கேரளத்தின் பிறந்தநாளும். எல்லைக்கு இந்தப் பக்கம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், அந்தப் பக்கம் கேரளப் பிறவி.

இந்தக் கோட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரைச் சொல்லியே ஆகணும்.

ஒருவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரம்காரர். சொத்தையெல்லாம் விற்று 1930 வாக்கில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் சினிமா. இன்னொருவர் அதில் கதாநாயகியாக நடித்த பி.கே. ரோஸி, தலித் பெண். படத்தில் அவர் நாயர் பெண்ணாக வந்தார். அதைப் பொறுக்க முடியாதவர்கள் திருவனந்தபுரம் தியேட்டரில் திரைமேல் கல்லெறிந்தார்கள். ரோஸியைத் துரத்தினார்கள். ஒரு லாரியில் தப்பித்த அவர், அந்த லாரி டிரைவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து முடிந்தார். இணையத்தில் எங்கே படித்தாலும் 'தமிழ்நாட்டுக்குத் தப்பினார்' என்றுதான் இருக்கும். தமிழ்நாடு ஏது அப்போது? அவர் ஓடிவந்த நாகர்கோவிலும் அதே ராஜாவின் ஊர்தான். மாநிலம் விட்டு மாநிலம் ஓடவில்லை, தன்னை அடையாளம் தெரியாத தெருவைத் தேடி ஓடினார், அவ்வளவுதான்.

டேனியல் அடுத்த படம் எடுக்கவேயில்லை. பல் மருத்துவம் பார்த்தார். கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்தில் வறுமை. கேரள அரசிடம் கலைஞர் ஓய்வூதியம் கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லித் தட்டிக் கழித்தார்கள். தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படக்காரர். 1975-இல் இறந்தார். இப்போது கேரளத்தின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரில், 1992-லிருந்து. எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் 'அது யாருலே?' என்றுதான் கேட்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கு. கோட்டின்மேல் உட்கார்ந்திருந்ததாலேயே எழுத முடிந்தவர்களும் உண்டு. தேரூர் கவிமணி, மருமக்களுக்குச் சொத்து போகும் வழக்கத்தைக் கிண்டலடித்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். அந்த வழக்கமும் மலையாளக் கரையோடு பகிர்ந்துகொண்டதுதான், அதைத் திட்டிய தமிழ் எங்களுடையது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் உட்கார்ந்து தகழியின் 'செம்மீ'னைத் தமிழாக்கினார். ஊர் நாற்சந்தியின் ஒரு மரத்தை வைத்து 'ஒரு புளியமரத்தின் கதை'யை 1966-இல் கொண்டுவந்தார். ஒழுகினசேரியிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன், பூதப்பாண்டியிலிருந்து ஜீவா. பட்டியலை நீட்டினால் எபிசோட் முடியாது.

சாப்பாடு பற்றிக் கேட்காதீங்க, நான் பாரபட்சமானவன். தீயலும் அவியலும் எங்களுடையதா அவர்களுடையதா என்று சண்டை போடுவதைவிட இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வது நல்லது. மட்டிப் பழத்துக்கு மட்டும் 2023-இல் கன்னியாகுமரி பெயரில் புவிசார் குறியீடு வாங்கிட்டோம்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் நவராத்திரிக்கு முன்னால் வாங்க. தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் நவராத்திரி பூஜைக்கு இங்கிருந்துதான் தெய்வங்கள் போக வேண்டும். பத்மநாபபுரத்தின் சரஸ்வதி, கம்பர் வணங்கிய சிலை என்பது நம்பிக்கை. கூடவே வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். முன்னால் அரசரின் உடைவாள். களியக்காவிளை எல்லையில் தமிழ்நாடு போலீஸ் அணிவகுத்து வழியனுப்பும், கேரளப் போலீஸ் அணிவகுத்து வரவேற்கும். யானைமேல் சரஸ்வதி அந்தக் கோட்டைத் தாண்டுவார். ஆச்சி வருடா வருடம் தக்கலை ரோட்டோரம் நின்று பார்ப்பாள். ஒருமுறை நான் கேட்டேன், 'ஆச்சி, சாமி வேற ஸ்டேட்டுக்குப் போகுதே?' அவள் என் தலையில் தட்டி, 'போனா பத்து நாள்ல வந்துரும்லே, கும்பிடு' என்றாள்.