பங்கு முதலீட்டுத் தொகுப்பு மென்பொருள்

பங்கு முதலீட்டுத் தொகுப்பு மென்பொருள் என்பது ஒருவர் தம்மிடம் உள்ள நிறுவனப் பங்குகளை எப்போது, என்ன விலைக்கு, எத்தனை வாங்கினார், அவற்றின் இன்றைய மதிப்பு என்ன, விற்றதில் கிடைத்த ஆதாயம் அல்லது இழப்பு எவ்வளவு என்பனவற்றைப் பதிந்து கணக்கிட்டுத் தரும் மென்பொருள் ஆகும். விரிதாள், மேசைக்கணினி மென்பொருள், இணையத்தளம், கைபேசிச் செயலி எனப் பல வடிவங்களில் இது கிடைக்கிறது.

இந்தியாவில் ஒருவரிடம் எத்தனை பங்குகள் உள்ளன என்பதைப் பங்குக் களஞ்சியங்கள் பதிவு செய்கின்றன. ஆனால் அவற்றை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை அவை பதிவு செய்வதில்லை. வருமான வரிக்கு அடிப்படையாக இருப்பது அந்த வாங்கிய விலையே. எனவே அதைக் காத்து வைக்கும் பொறுப்பு முதலீட்டாளரையே சேர்கிறது. இத்தகைய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதன்மையாகக் கருத வேண்டியது இதுவே.

பின்னணி

இந்தியாவில் பங்குகள் நெடுங்காலம் காகிதச் சான்றிதழ்களாகவே இருந்தன. முதலீட்டாளர்கள் தரகர் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து, குறிப்பேட்டில் கணக்கு எழுதி வந்தனர். 1996ஆம் ஆண்டின் களஞ்சியங்கள் சட்டத்தைத் தொடர்ந்து அதே ஆண்டில் என்.எஸ்.டி.எல். களஞ்சியமும், 1999இல் சி.டி.எஸ்.எல். களஞ்சியமும் செயற்படத் தொடங்கின. பங்குகள் மின்னணு வடிவில் டிமேட் கணக்குகளுக்கு மாறின. 2019 ஏப்ரல் 1 முதல், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு விற்று மாற்ற அவை டிமேட் வடிவில் இருப்பது கட்டாயமாயிற்று.

சென்னைப் பங்குச் சந்தை, கோயம்புத்தூர்ப் பங்குச் சந்தை போன்ற வட்டாரச் சந்தைகள் காலப்போக்கில் மூடப்பட்டன. வணிகம் முழுவதும் மும்பையின் இரு சந்தைகளுக்கு இணையம் வழியாகச் சென்றது. இதனால் சிற்றூர்களில் இருப்போரும் தரகர் அலுவலகத்துக்குச் செல்லாமலே பங்கு வாங்க முடிந்தது. 2022 ஆகத்து மாதத்தில் நாட்டின் டிமேட் கணக்குகள் 10 கோடியைத் தாண்டின. ஒருவரே இரண்டு மூன்று தரகு நிறுவனங்களில் கணக்கு வைத்திருப்பதும் வழக்கமானது. இவற்றை ஒரே இடத்தில் காணும் தேவையே இம்மென்பொருட்களின் பயன்பாட்டைப் பெருக்கியது.

வகைகள்

விரிதாள்: எக்செல், லிப்ரே ஆபீசு கால்க் போன்றவற்றில் பயனரே அட்டவணை அமைத்துக் கொள்ளலாம். கூகுள் விரிதாளில் உள்ள 'கூகுள்பைனான்ஸ்' என்னும் சார்பு இந்தியச் சந்தைகளின் விலைகளைச் சற்றுத் தாமதத்துடன் எடுத்துத் தருகிறது. கோப்பு பயனரிடமே இருப்பது இம்முறையின் சிறப்பு. பங்குப் பிரிப்பு, போனஸ் போன்றவற்றைக் கையால் திருத்த வேண்டியிருப்பது இதன் குறை.

மேசைக்கணினி மென்பொருள்: குனூகேஷ் 1998 முதல் வெளிவரும் கட்டற்ற கணக்கியல் மென்பொருள் ஆகும். இது இரட்டைப் பதிவு முறையில் பங்குகளையும் வங்கிக் கணக்கையும் ஒன்றாகக் காட்டும். போர்ட்போலியோ பெர்பாமன்ஸ் என்பது முதலீட்டு வருவாயைக் கணக்கிடுவதற்கென்றே எழுதப்பட்ட திறந்த மூலநிரல் மென்பொருள் ஆகும். இவ்விரண்டும் தரவைப் பயனரின் கணினியிலேயே சேமிக்கின்றன. இவை இந்திய வரி விதிகளுக்கென எழுதப்பட்டவை அல்ல.

தரகு நிறுவனங்களின் செயலிகள்: அந்நிறுவனத்தின் வழியாகச் செய்த வணிகம் அனைத்தும் தாமாகவே பதிவாகும். ஆண்டிறுதியில் வரி அறிக்கையும் கிடைக்கும். ஆனால் வேறிடத்திலிருந்து மாற்றிய பங்குகள், மரபுரிமையாகவோ கொடையாகவோ பெற்ற பங்குகள், காகிதத்திலிருந்து மின்னணு வடிவுக்கு மாற்றியவை ஆகியவற்றின் வாங்கிய விலையை அச்செயலி அறியாது. பயனரே அதை உள்ளிட வேண்டும்.

நிதி இணையத்தளங்கள்: மணிகண்ட்ரோல் போன்ற தளங்கள் பல தரகர்களிடம் உள்ள பங்குகளை ஒன்றாகப் பதிய இடமளிக்கின்றன. செய்திகளும் நிறுவன அறிவிப்புகளும் உடன் கிடைக்கும். தரவு அத்தளத்தின் வழங்கியிலேயே இருக்கும்.

களஞ்சியங்களின் சேவைகள்: என்.எஸ்.டி.எல். வழங்கும் 'ஐடியாஸ்', சி.டி.எஸ்.எல். வழங்கும் 'ஈசி' ஆகியவற்றின் மூலம் டிமேட் கணக்கின் இருப்பை நேரடியாகக் காணலாம். இவை இருப்பைச் சரிபார்க்க ஏற்றவை. ஆதாயக் கணக்குக்கு இவை மட்டும் போதா.

நிறுவன நடவடிக்கைகள்

பங்கு வாங்கிய பின் அந்நிறுவனம் எடுக்கும் முடிவுகள் முதலீட்டாளரின் கணக்கையும் மாற்றுகின்றன. ஒரு மென்பொருளின் தரம் பெரும்பாலும் இங்கேயே வெளிப்படுகிறது.

* பங்குப் பிரிப்பு: 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு 2 ரூபாய் முகமதிப்புள்ள 5 பங்குகளாகப் பிரிந்தால், பழைய விலையையும் ஐந்தால் வகுக்க வேண்டும். வாங்கிய நாள் மாறாது.
* போனஸ் பங்கு: வரிக் கணக்கில் இதன் வாங்கிய விலை பொதுவாகச் சுழியம் ஆகும். ஒதுக்கப்பட்ட நாளே வாங்கிய நாளாகக் கொள்ளப்படும். போனஸைப் பங்குப் பிரிப்புப் போலக் கருதி விலையைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள் வரிக்குப் பொருந்தாத கணக்கையே தரும்.
* நிறுவனப் பிரிவு: 2023 சூலையில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திலிருந்து ஜியோ பைனான்சியல் சர்வீசஸ் பிரிந்தபோது, பழைய விலையில் 95.32% ரிலையன்ஸ் பங்குக்கும் 4.68% ஜியோ பங்குக்கும் உரியது என அறிவிக்கப்பட்டது. ரிலையன்ஸ் பங்கை 2,000 ரூபாய்க்கு வாங்கியவரின் கணக்கில் அது 1,906.40 ரூபாய் எனவும், ஜியோ பங்கு 93.60 ரூபாய் எனவும் மாற வேண்டும்.
* பங்கு அழிதல்: கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டபோது, அதன் பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. பழைய விலையையே மதிப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள் பயனரை ஏமாற்றும். அந்த வரிசையை நீக்கி விடுவதும் சரியன்று. போட்ட பணம் இழப்பாகப் பதிவில் நிலைக்க வேண்டும்.

வரிக் கணக்கு

டிமேட் பங்குகளுக்கு முதலில் வந்தது முதலில் செல்லும் என்னும் முறை பின்பற்றப்படுகிறது. அதாவது முதலில் வாங்கிய பங்குகளே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இக்கணக்கு ஒவ்வொரு டிமேட் கணக்குக்கும் தனித்தனியே போடப்படும். பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால ஆதாயம். 2024 சூலை 23 முதல் இதற்கான வரி, ஆண்டுக்கு 1.25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் 12.5% எனவும், குறுகியகால ஆதாயத்திற்கு 20% எனவும் ஆக்கப்பட்டது.

2018 பிப்ரவரி 1க்கு முன் வாங்கிய பங்குகளுக்கு ஒரு சலுகை உண்டு. 2018 சனவரி 31 அன்றைய உச்ச விலை, விற்ற விலை ஆகிய இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அது உண்மையில் வாங்கிய விலையை விட மிகுதியாக இருந்தால் அதையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டு

தேனி மாவட்டம், பெரியகுளம் அருகிலுள்ள வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு பூண்டு வணிகம் செய்யும் ஒருவர் ஒரு நிறுவனத்தின் பங்குகளைப் பின்வருமாறு வாங்கினார் எனக் கொள்வோம். விலைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. தரகுக் கட்டணம் சேர்க்கப்படவில்லை.

* 2017 சூன்: 100 பங்குகள், ஒன்று 200 ரூபாய்
* 2021 மார்ச்: 50 பங்குகள், ஒன்று 300 ரூபாய்
* 2022 செப்டம்பர்: ஒன்றுக்கு ஒன்று போனஸ், 150 பங்குகள்
* 2025 பிப்ரவரி: 150 பங்குகளை ஒன்று 250 ரூபாய்க்கு விற்றார்
* 2018 சனவரி 31 அன்றைய உச்ச விலை: 260 ரூபாய்

சராசரி விலை முறையில் மொத்தச் செலவு 35,000 ரூபாய், பங்குகள் 300. விற்ற 150 பங்குகளின் அடக்கவிலை 17,500 ரூபாய். அவற்றுக்குக் கிடைத்த தொகை 37,500 ரூபாய். எனவே திரையில் 20,000 ரூபாய் ஆதாயம் எனத் தோன்றும்.

வரி விதிப்படி முதலில் விற்கப்பட்டவை 2017இல் வாங்கிய 100 பங்குகள். இவற்றுக்கு 260, 250 ஆகியவற்றில் குறைந்த 250 ரூபாயே வாங்கிய விலையாகிறது. ஆதாயம் ஏதுமில்லை. அடுத்த 50 பங்குகள் 300 ரூபாய்க்கு வாங்கி 250 ரூபாய்க்கு விற்கப்பட்டவை. இவற்றில் இழப்பு 2,500 ரூபாய். ஆக, ஆதாயமாகத் தோன்றிய 20,000 ரூபாய் உண்மையில் 2,500 ரூபாய் நீண்டகால இழப்பு ஆகும். வருமான வரி அறிக்கையை உரிய நாளுக்குள் தாக்கல் செய்தால் இவ்விழப்பை அடுத்த 8 ஆண்டுகள் வரை நீண்டகால ஆதாயத்தில் கழித்துக் கொள்ளலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கையில் எஞ்சியிருப்பவை 150 போனஸ் பங்குகள். அவற்றின் வாங்கிய விலை சுழியம் என்பதால் பின்னர் விற்கும்போது முழுத்தொகையும் ஆதாயமாகும். பூண்டு மூட்டைகளை வாங்கிய விலைவாரியாகப் பிரித்து எழுதும் வணிகருக்கு இம்முறை புதிதன்று. மென்பொருளும் அவ்வாறே ஒவ்வொரு கொள்முதலையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும்.

வருவாய் வீதம்

வெவ்வேறு நாட்களில் பணம் போட்டவருக்கு எளிய விழுக்காடு தவறான தோற்றத்தைத் தரும். சனவரி 1 அன்று 10,000 ரூபாயும் திசம்பர் 1 அன்று 90,000 ரூபாயும் முதலிட்டு, ஆண்டிறுதியில் மதிப்பு 1,02,000 ரூபாய் எனில் எளிய கணக்கில் வருவாய் 2%. பெரும்பகுதிப் பணம் ஒரு மாதமே முதலீட்டில் இருந்ததைக் கருதினால் ஆண்டு வருவாய் வீதம் ஏறத்தாழ 11.7% ஆகும். விரிதாள்களில் 'எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.' என்னும் சார்பு இதனைக் கணக்கிடுகிறது. வங்கி வைப்பு வட்டியுடன் ஒப்பிட இவ்வீதமே பொருத்தமானது. ஈவுத்தொகையையும் இதில் சேர்க்க வேண்டும்.

ஒப்பிட்டுச் சரிபார்த்தல்

மென்பொருளின் திரையில் தெரியும் எண் பங்கு இருப்பதற்கான சான்று அன்று. கார்வி பங்குத் தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெற்றதாகக் கண்டறியப்பட்டு, 2019 நவம்பர் 22 அன்று செபி அதன் மீது தடை ஆணை பிறப்பித்தது. 95,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் பங்குகள் இவ்வாறு அடகில் இருந்தன. ஒரு தரகரின் கணக்கைச் சரிபார்க்க அதே தரகரின் செயலியை மட்டும் நம்புவது போதாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. ஆதாயம் பெருகுவதாகக் காட்டிப் பணம் பறிக்கும் போலிச் செயலிகளைக் கண்டறியவும் இச்சரிபார்ப்பு உதவும்.

2015 முதல் களஞ்சியங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணின் அடிப்படையில் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை அனுப்புகின்றன. ஒருவரின் எல்லா டிமேட் கணக்குகளும் பரஸ்பர நிதி முதலீடுகளும் இதில் இடம்பெறும். மென்பொருளில் உள்ள பங்குகளின் எண்ணிக்கையை இதனுடன் அவ்வப்போது ஒப்பிடுவது நன்று. விற்பனை, ஈவுத்தொகை ஆகியவற்றை வருமான வரித்துறை 2021 நவம்பரில் அறிமுகப்படுத்திய ஆண்டுத் தகவல் அறிக்கையுடன் ஒப்பிடலாம்.

தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டியவை

* ஒவ்வொரு கொள்முதலையும் நாள், விலை, எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றுடன் தனித்தனியே பதிய முடிகிறதா?
* போனஸ், பிரிப்பு, இணைப்பு, உரிமைப் பங்கு ஆகியவற்றைச் சரியாகக் கையாள்கிறதா? தவறானால் பயனர் திருத்த முடியுமா?
* முதலில் வந்தது முதலில் செல்லும் முறையும் 2018 சனவரி 31 விலையும் உள்ளனவா?
* முழுப் பதிவையும் சி.எஸ்.வி. போன்ற பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா?
* தரகுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறதா? கேட்டால் தவிர்ப்பது நலம். கணக்குத் திரட்டி முறையில் பயனரின் ஒப்புதலுடன், கடவுச்சொல் தராமலே தரவைப் பெற வழி உண்டு.

இவற்றுள் தரவை வெளியே எடுக்கும் வசதி இன்றியமையாதது. பரவலாகப் பயன்பட்ட மைக்ரோசாப்ட் மணி மென்பொருளின் விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டது. கூகுள் பைனான்ஸ் தளத்தின் முதலீட்டுத் தொகுப்பு வசதி 2017 இறுதியில் நீக்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் வந்தது. பங்குகளோ பல பத்தாண்டுகள் ஒருவரிடம் இருக்கக்கூடியவை.

பதிவும் குடும்பமும்

தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படுகின்றன. உரியவர் விண்ணப்பித்து அவற்றைத் திரும்பப் பெறலாம். ஆனால் பங்கு இருப்பதே குடும்பத்தினருக்குத் தெரியாவிட்டால் விண்ணப்பிக்க எவரும் இரார். மரபுரிமையாகப் பெற்ற பங்குகளுக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையும் நாளுமே கணக்கில் கொள்ளப்படும். எனவே வாரிசுக்கும் அப்பதிவு தேவைப்படும்.

இக்காரணங்களால் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிவையும் வெளியே எடுத்து ஒரு படியை அச்சிட்டு ஒப்பந்தச் சீட்டுகளுடன் வைப்பதும், அதன் இருப்பிடத்தை நியமனதாரருக்குத் தெரிவிப்பதும் நல்ல நடைமுறையாகும்.

இவற்றையும் பார்க்க

* பங்குச் சந்தை
* மூலதன ஆதாய வரி
* விரிதாள்
* கட்டற்ற மென்பொருள்
* வடுகபட்டி